லிண்டன் மரத்துக்கு வெள்ளைப் பூச்சு ஏன்?

பெர்லினில் 1647-இல் ஒரு சாலையின் இருபுறமும் லிண்டன் மரங்களை நட்டனர். இதய வடிவ இலை கொண்ட அம்மரம் நம் பூவரசுக்கு உறவு. ஐரோப்பியத் தோட்டங்களில் இளமரத்தின் அடிப்பகுதிக்கு வெள்ளை பூசுவதுண்டு. அழகுக்காக அன்று!

இளமரத்தின் பட்டை மெல்லியது. குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து நிற்பதால் வெயில் தென்மேற்குப் பக்கத்தில் ஏறக்குறைய நேராக விழும். கருநிறப் பரப்பு வெப்பக் கதிர்களை நன்கு உட்கவரும் என்று படித்திருப்பீர்கள். சுற்றிலும் காற்று உறைநிலையில் இருந்தாலும், பட்டை மட்டும் சூடேறி, உறங்கிக் கிடந்த செல்கள் விழித்துக்கொள்கின்றன. சூரியன் மறைந்ததும் வெப்பநிலை சட்டென வீழ்கிறது. செல்கள் உறைந்து மடிகின்றன. பட்டை வெடித்து உரிய, அந்தப் புண்வழியே பூஞ்சை நுழைகிறது. வெண்மையோ கதிர்களைத் திருப்பியனுப்பிவிடும். தவறாமல் நீர் ஊற்றுபவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள்! நட்ட முதல் சில ஆண்டுகள், குளிர் தொடங்குமுன் பூசவேண்டும். பட்டை தடித்துச் சொரசொரப்பானபின் தேவையில்லை.