தண்டுவடம் நசுங்கினால்: உடம்பு பலவீனமானவர்களுக்கான ஆபரேஷன் வழிகாட்டி

வயது எழுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, இதயமும் சுமார். இவருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷனா என்று வீடே பயப்படும். எந்த ஆபரேஷனைத் தாங்குவார் என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

1. கையையும் காலையும் கவனியுங்கள்

சட்டைப் பொத்தான் மாட்ட விரல் தடுமாறுகிறதா? செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா? கழுத்தில் தண்டுவடம் நசுங்கினால் இப்படித்தான் தொடங்கும், வலி இல்லாமலும் வரும். வாதம் என்று எண்ணெய் தடவி நாள் கடத்தாதீர்கள். கழுத்தைத் திருகிச் சுளுக்கு எடுக்க விடவே கூடாது. மூத்திரம் அடைத்தாலோ கால் விழுந்தாலோ அப்போதே 108.

2. எங்கே போவது

தேனி மாவட்டத்துக் கடமலைக்குண்டிலிருந்து கண்டமனூர் வழியாக க.விலக்கு வந்தால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேல்சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். தண்டுவடத்தைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காதீர்கள்.

3. கத்தி வைத்தே ஆகவேண்டுமா?

தண்டுவடத்தை நசுக்கும் முதுகெலும்புக் காசநோய்க்கு முன்பக்கமாகத் திறந்து, செத்த எலும்பை அகற்றி, ஒட்டு எலும்பு வைப்பதை ‘ஹாங்காங் ஆபரேஷன்’ என்பார்கள். கால் விழாத நோயாளிகளிடம், ஆபரேஷனோடு மாத்திரை ஒரு பக்கம், மாத்திரை மட்டும் மறுபக்கம் என்று சென்னையில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான பத்தாண்டு முடிவில், மாத்திரை மட்டும் எடுத்தவர்கள் பின்தங்கவில்லை. கால் விழுந்துவிட்டால் கணக்கு வேறு.

புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடத்தை அழுத்தினால் நிலைமை தலைகீழ். 2005-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வில், கதிர்வீச்சோடு ஆபரேஷனும் செய்தவர்களில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள்; கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57. ஆனால் மூன்று மாதமாவது உயிரோடு இருப்பார், ஆபரேஷனைத் தாங்குவார் என்று கணித்தவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். படுத்த படுக்கையானவருக்கு அந்த எண்ணைக் காட்டி நம்பிக்கை தரக்கூடாது.

4. முன்பக்கமா, பின்பக்கமா?

கழுத்தில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் அழுத்தம் என்றால் முன்பக்கம் வசதி. சதையை அறுக்காமல் விலக்கிவிட்டே எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டை (டிஸ்க்) எடுக்கலாம். ரத்தச் சேதமும் வலியும் குறைவு. ஆனால் கொஞ்ச நாள் விழுங்கக் கஷ்டம், குரல் கம்மல் வரலாம். வயதானவருக்குக் கஞ்சி புரையேறி நிமோனியாவாகும் ஆபத்து இங்கேதான். பல இடத்தில் அழுத்தம் என்றால் பின்பக்கம்: எலும்பை எடுத்துவிடுவது லேமினெக்டமி, கதவுபோல் திறந்துவைப்பது லேமினோபிளாஸ்டி. தொண்டை தப்பிக்கும். ஆனால் மணிக்கணக்கில் குப்புறப் படுக்கவைக்கவேண்டும், சர்க்கரைக்காரருக்குக் காயத்தில் சீழ் பிடிக்கலாம். எலும்பு உளுத்திருந்தால், அதைப் பிணைக்கப் போடும் ஸ்க்ரூவும் சரியாகப் பிடிக்காது. அழுத்தம் நீங்கினால் போதும் என்ற அளவில் நிறுத்தும் டாக்டரே பலவீனமானவருக்கு நல்ல டாக்டர் என்பது என் கட்சி.

5. மயக்க டாக்டரிடம்

வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகள், லேகிய டப்பா எல்லாவற்றையும் பையோடு கொட்டிக் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று அவர்தான் சொல்லவேண்டும். பீடியை இன்றே நிறுத்தலாம்.

6. பிறகு

மேலும் மோசமாகாமல் தடுப்பதே முதல் நோக்கம். போன பலம் முழுதும் திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மறுநாளே உட்காரவைத்தால் தடுக்காதீர்கள். படுக்கையில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். குதிகாலும் இடுப்பும் சிவந்திருக்கிறதா என்று தினமும் நீங்கள்தான் பார்க்கவேண்டும். அங்கே புண்ணானாலும் அவருக்கு வலி தெரியாமல் போகலாம்.