எல்லை வாயிலைக் கடக்கும் வண்டி

மேற்கு வங்கத்தின் அலிப்பூர்துவார் மாவட்டத்தில் ஜெய்காவ் என்றோர் ஊர் உண்டு. அதன் கடைவீதி முடியுமிடத்தில் வண்ண ஓவியங்கள் தீட்டப்பெற்ற வாயில் ஒன்று நிற்கிறது. அவ்வாயிலுக்கு அப்பால் இருப்பது பூட்டான் நாட்டின் புன்ட்சோலிங் நகரம். வடவங்கத்தில் பணியாற்றிய காலத்தில், எம் பள்ளி ஆசிரியர் சிலருடன் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே தலைநகர் திம்புவுக்குச் சென்றேன். நம்முடைய பொருள்களுள் எவை அவ்வாயிலைக் கடந்து நம்முடன் வருகின்றன, எவை இப்பாலேயே நின்றுவிடுகின்றன என்பதை அன்றுதான் அறிந்தேன்.

சாலையின் இடப்பக்கம் செல்லும் முறை அங்கும் உண்டு. இந்திய ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லும். இந்திய ரூபாயும் செல்லும். ஆனால் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்தல் வேண்டும். இந்தியர்க்கு விசா தேவையில்லை. எனினும் நுழைவு அனுமதி கட்டாயம். அதற்குக் கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதார் அட்டை போதாது. உங்களைப் போன்ற சிறார்க்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்; பெற்றோர் மறப்பது பெரும்பாலும் இதனையே. மனிதர்க்கு அனுமதி பெற்றதுபோல, புன்ட்சோலிங்கைத் தாண்டிச் செல்லும் வண்டிக்கும் தனியே அனுமதி பெறவேண்டும்.

வாயிலில் நின்றுவிடுவனவற்றுள் முதன்மையானது காப்பீடு. நம் வண்டிக் காப்பீட்டின் புவி எல்லை பொதுவாக இந்தியா மட்டுமே. கூடுதல் கட்டணம் செலுத்தினால் அதனைப் பூட்டான், நேபாளம், வங்கதேசம், இலங்கை முதலிய அண்டை நாடுகளுக்கு நீட்டித்துத் தருவர். எம்முடன் வந்த ஆசிரியர் ஒருவர், "காப்பீடுதான் இருக்கிறதே!" என்று கூறி இதனைப் பொருட்படுத்தவில்லை. ஈரச்சாலையில் அவருடைய வண்டி சறுக்கி, நின்றிருந்த ஒரு சிற்றுந்தின் கதவை நெளித்தது. நற்பேறாக எவர்க்கும் காயமில்லை. சிற்றுந்தின் உரிமையாளர் சினந்து ஒரு சொல்லும் கூறவில்லை. பழுது நீக்கும் செலவை மட்டும் கேட்டார். எம் நண்பர் பயணத்துக்கென வைத்திருந்த பணம் முழுவதும் அதற்கே போயிற்று. கதவுக்குப் பதில் அங்கே ஒரு மனிதர் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அன்றிரவு அவர் உறங்கவே இல்லை.

புன்ட்சோலிங்கிலிருந்து திம்பு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். நம் நாட்டு எல்லைச் சாலை அமைப்பு 1961 இல் தொடங்கிய டன்டக் திட்டத்தின் உழைப்பால் அமைந்த மலைச்சாலை அது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பயணம், கெடூ என்னும் ஊரருகே 2,000 மீட்டரைக் கடந்துவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு பாகைக்கு மேல் குறையும். கீழே வியர்த்த உடல் மேலே நடுங்கும். நடுங்கும் விரல்களால் பிரேக்கைச் சரிவரப் பிடிக்க இயலாது. ஆகவே கையுறையைப் பைக்குள் ஆழப் புதைத்து வைக்காதீர்கள்.

கெடூவில் மூடுபனி எங்களைச் சூழ்ந்தது. முன்சென்ற வண்டியின் சிவப்பு விளக்கும் மறைந்தது. இத்தகைய வேளையில் விளக்கின் ஒளிக்கற்றையைத் தாழ்த்தி வைத்தல் வேண்டும். உயர்த்தினால் ஒளி பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசச் செய்யும். நாங்கள் சாலையை விட்டு விலகி, ஒரு தேநீர்க் கடையில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டுவது கூடாது. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குக. குறுகிய வழியில் மேலேறி வரும் வண்டிக்கு இடம் விடுக.

திம்புவில் போக்குவரத்து மின்விளக்குகள் இல்லை. நகரின் நடுவே அழகிய சிறு மண்டபத்தில் வெள்ளைக் கையுறை அணிந்த காவலர் நின்று கைகளாலேயே வழிகாட்டுகிறார். காரணமின்றி ஒலிப்பான் அடிப்போர் அங்கு மிகக் குறைவு. முதல் நாள் நான் பழக்கத்தால் ஒருமுறை அடித்தேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

எல்லா எல்லைகளும் இவ்வளவு எளியன அல்ல. மணிப்பூரின் மோரே நகரில், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் பலர் குடியேறினர். அந்நகரை அடுத்துள்ள எல்லைக்கு அப்பால், மியான்மரில், 1970 முதல் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன. அத்தகைய நாட்டில் ஆபத்து நேர்சாலையில் குறைவு. திருப்பத்திலும், காலையில் வண்டியை எடுக்கும் முதல் நொடியிலும் கை பழைய பக்கத்தையே நாடும்.

நீங்கள் இன்னும் உரிமம் பெறும் அகவையை எட்டாதவர்கள். ஆயினும் பின்னிருக்கை உங்களுடையது. தலைக்கவசப் பட்டையை இறுகக் கட்டுவதும், வளைவில் ஓட்டுபவருடன் சேர்ந்து சாய்வதும் உங்கள் பணி. புறப்படுமுன் தந்தையிடமோ சித்தப்பாவிடமோ ஆவணங்களைக் கேட்டுச் சரிபார்ப்பதும் உங்களால் இயலும்.

பயிற்சி

1. பூட்டான் செல்லும் சிறார்க்கு வேண்டிய ஆவணம் யாது?
2. மூடுபனியில் ஒளிக்கற்றையைத் தாழ்த்துவது ஏன்?
3. பிரித்து எழுதுக: கடவுச்சீட்டு, மலைச்சாலை, அவ்வாயில்.
4. உங்கள் வீட்டு வண்டியின் காப்பீட்டு ஆவணத்தை வாங்கிப் படித்து, அதன் புவி எல்லை எது என்பதைத் தமிழில் எழுதி வருக.