பட்டப்படிப்பும் பாதுகாப்புப் பணியும்

கணினிப் பாதுகாப்பை ஜீவனோபாயமாகக் கொள்ள விரும்பும் பிள்ளைகளும், அவர்களைக் காட்டிலும் அதிகக் கவலையோடு அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் முதலில் கேட்பது, ‘சைபர் செக்யூரிட்டி’ என்று பெயர் சூட்டிய படிப்பில் சேர்வதா, வழக்கமான கம்ப்யூட்டர் சயன்ஸே போதுமா என்பதுதான். பின்னதைப் படித்துவிட்டு, ஒரு வங்கியின் கண்காணிப்பு மையத்தில் இரவு ஷிப்டில் உத்தியோகம் தொடங்கியவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். பெயர் எதுவாயினும் ஆகுக. நெட்வொர்க்கும் ஆபரேட்டிங் சிஸ்டமும் சிரத்தையோடு போதிக்கப்படுகின்றனவா, லேபில் லினக்ஸை மாணவர் தம் கையாலேயே இயக்கிப் பார்க்க இடமுண்டா, அல்லது ரெக்கார்டு நோட்டில் பார்த்தெழுதிக் கையெழுத்து வாங்குவதோடு விவகாரம் முடிந்துவிடுகிறதா என்பதை, பணம் கட்டுமுன் அங்கே படிக்கும் சீனியர் ஒருவரைப் பிடித்து விசாரித்துவிட வேண்டும்.

நெட்வொர்க் பாடத்தில் ஏழு அடுக்குகளின் பெயர்களைப் பரீட்சைக்காக மனனம் செய்வதோடு திருப்தியடைந்துவிடுவோரே அநேகர். எனக்கு அந்தப் பாடம் விளங்கியது, விடுதி அறையில் என் லேப்டாப்புக்குள்ளேயே இரண்டு வர்ச்சுவல் மெஷின்களை நிறுவி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு டெல்நெட் வழியாக நுழைந்து, இடையே ஓடும் பாக்கெட்டுகளை ஒயர்ஷார்க்கில் பிடித்துப் பார்த்த இரவில்தான். பயனர் பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றும் இரட்டித்துத் தெரிய, பாஸ்வேர்டு மாத்திரம் ஒற்றை எழுத்துகளாக, ஆயினும் ஒளிவுமறைவு ஏதுமின்றி, வரிசையாக வந்து நின்றது. பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் சர்வர் திருப்பி அனுப்பித் திரையில் காட்டுகிறது. பாஸ்வேர்டை அவ்விதம் திருப்புவதில்லை. ஆகவே திரையில் தென்படாத இரகசியம், கம்பியில் எவரும் வாசிக்கத்தக்கதாகப் போய்க்கொண்டிருக்கிறது. பின்லாந்தில், தம் பல்கலைக்கழக வலையமைப்பில் இத்தகைய ஒட்டுக்கேட்புத் திருட்டு நிகழ்ந்ததன் பேரில்தான் டாட்டு இலோனன் 1995-இல் பாஸ்வேர்டு உள்பட அனைத்தையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் என்னும் மென்பொருளை இயற்றினார் என்று பிற்பாடு படித்தபோது, அதன் அவசியத்தை எவரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட பரிசோதனைகள் எல்லாம் சொந்தக் கணினியோடு நிற்க வேண்டும். கல்லூரி சர்வரைத் தட்டிப் பார்க்கும் சபலம் இரண்டாம் வருஷத்தில் பலருக்கும் வருவதுண்டு; அனுமதியின்றிப் பிறர் கணினியில் புகுவது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் அடங்கும்; அதையே கபட நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைவாசமும் நேரலாம்.

சான்றிதழ்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடைசி வருஷத்தில் ஒன்று போதும். அதற்கு முன் வாங்கிக் குவிப்பது பெற்றோரின் பணத்துக்குப் பிடித்த கேடு.

கல்லூரியில் எவரும் கற்பிக்காமல், வேலையில் முதல் வாரமே தேவைப்பட்ட வித்தை ஒன்றுண்டு: நடந்ததை நடந்தபடி, நேரத்தோடு எழுதுவது. ஒரு பயர்வாலின் லாக் சர்வதேச நேரத்திலும், பக்கத்திலுள்ள சர்வரின் லாக் இந்திய நேரத்திலும் பதிவாகியிருந்தால், நள்ளிரவு தாண்டி 1.30 மணிக்கு நடந்த ஒரே சம்பவம் ஓரிடத்தில் முந்திய நாள் இரவு 8 மணி என்று நிற்கும். ஐந்தரை மணி வித்தியாசத்தைச் சரிக்கட்டாதவன் ஒரு திருடனை இரண்டு திருடர்களாக எண்ணித் தேடிக்கொண்டிருப்பான். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவோ, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், லாக்குகளை 180 நாள் காத்து வைக்கவும், கணினிக் கடிகாரங்களை ஒருமைப்படுத்தவும் கட்டளையிடுகிறது. அந்த ஆறு மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு எந்தக் குழுவிலும் கிராக்கி உண்டு. ஆகையால் மாணவராயிருக்கும்போதே ஒவ்வொரு பரிசோதனைக்கும் எந்த நேரத்தில், எந்தக் கணினியில், என்ன கண்டோம், அதிலிருந்து என்ன ஊகித்தோம் என்று ஒரு பக்கம் எழுதி வைப்பது நல்லது. இப்போது புதியவர்களைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது, சான்றிதழ்க் கோப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, அத்தகைய பக்கங்கள் இருக்கின்றனவா என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.