மூணு தடவையும் இடது பக்கந்தானா?

சிறுமிக்கு ஏழு வயது. கழுத்தின் இடது பக்கம் வீங்கியதும் பொன்னுக்கு வீங்கி என்று பாட்டி தன் சங்கிலியைக் கழற்றிப் பேத்திக்குப் போட்டார். காய்ச்சல் ஏறியது. ஒரு மருத்துவமனையில் கீறிச் சீழ் எடுத்தார்கள். ஐந்தே மாதத்தில் மறுபடி வீக்கம், மறுபடி கீறல். மூன்றாம் முறை ஸ்கேன் அறைக்கு வந்தபோது சங்கிலிக்குக் கீழே இரண்டு தழும்புகள் இருந்தன.

ஸ்கேன் பார்த்த இளம் மருத்துவர் 'சீழ்க்கட்டி' என்று எழுதி முடித்துவிட்டார். அந்த இளம் மருத்துவர் நான்தான். மூத்த ரேடியாலஜிஸ்ட் கேட்டது ஒன்றே ஒன்று: "மூணு தடவையும் இடது பக்கந்தானா?"

கருவில் கழுத்து உருவாகும்போது தொண்டையின் உட்சுவரில் சிறு பைகள் கிளைத்து, பிறகு உருமாறிவிடும். மூன்றாவது அல்லது நான்காவது பையின் மிச்சம் தங்கிவிட்டால், தொண்டையின் அடியிலுள்ள பைரிஃபார்ம் குழியிலிருந்து தைராய்டு வரை மெல்லிய பாதை ஒன்று நிற்கும். எச்சிலோடு கிருமியும் அதில் இறங்கும். இது பெரும்பாலும் இடது பக்கம்தான். தைராய்டில் சீழ் பிடிப்பதே அபூர்வம். குழந்தையின் இடது மடலில் அது வந்தால், அதிலும் திரும்பத் திரும்ப வந்தால், இந்தப் பாதையைத் தேடியே ஆகவேண்டும். கட்டிக்குள் காற்றுக்குமிழி தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

அவசரப்பட்டுப் பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால் ஏமாறுவோம். வீக்கத்தில் பாதை அடைத்திருக்கும். ஆன்டிபயாடிக் கொடுத்துச் சில வாரம் ஆறவிட்டார்கள். எக்ஸ்ரேக்குச் சங்கிலியைக் கழற்றப் பாட்டியைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு! பேரியத்தின் இரண்டாவது மடக்கில், தொண்டையின் அடியிலிருந்து நூல்போல ஒரு கோடு கீழிறங்கியது.

நடுக்கழுத்துக் கட்டி வேறு கதை. நாக்கை நீட்டும்போது மேலேறினால் தைரோகுளோசல் நீர்க்கட்டியாக இருக்கலாம். கட்டியை அளந்ததோடு நிறுத்தாமல், தைராய்டு தன் இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். சில குழந்தைகளுக்கு அந்தக் கட்டியே இருக்கிற ஒரே தைராய்டு. தெரியாமல் எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க மாத்திரை.

தைமஸ் நீர்க்கட்டியும் பெரும்பாலும் இடது பக்கம்தான். கரோட்டிட் தமனியை ஒட்டிக் கிடக்கும், மார்புக்குள்ளும் இறங்கும். அடிவிளிம்பு ஸ்கேனில் பிடிபடாவிட்டால் எம்ஆர்ஐ எடுக்கலாம். சிறு குழந்தையை அதற்காகத் தூங்கவைக்க வேண்டியிருக்கும் என்பதால் எடுத்த எடுப்பிலேயே அனுப்புவதில்லை.

சிறுமிக்கு எண்டோஸ்கோப் வழியாக அந்தப் பாதையின் துவாரத்தைச் சுட்டு மூடினார்கள். கழுத்தில் மூன்றாவது தழும்பு விழவில்லை.