கூரையும் காற்றும்

வெயிலையும் மழையையும் தடுத்து நம்மைக் காப்பது கூரை. கடற்கரை வீட்டின் கூரைக்கோ மற்றுமொரு கடமை உண்டு. அது கடுங்காற்றோடு பொருது நிற்றல் வேண்டும்.

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் மெக்ஸிகோ வளைகுடாவை அடுத்துள்ளது டெக்ஸாஸ் மாநிலம். 1900ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 8ஆம் நாள், அங்குள்ள கால்வெஸ்டன் தீவு நகரைப் பெரும்புயல் தாக்கியது. கடலும் பொங்கி எழுந்தது. 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1970ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஸீலியா என்னும் புயல் கார்ப்பஸ் கிறிஸ்டி நகர்ப்பகுதியைச் சிதைத்தது. அதன்பின், கரையோர வீடுகளை ஏற்கக் காப்பீட்டு நிறுவனங்கள் தயங்கின. ஆதலின் மாநிலச் சட்டமன்றம் 1971இல் காற்றுக் காப்பீட்டுக்கெனவே ஒரு சங்கம் அமையச் சட்டம் இயற்றியது.

காற்று கூரையை அழுத்தி நொறுக்கும் என்று நாம் எண்ணுவோம். பெரும்பாலும் அஃது அவ்வாறன்று. கூரைமேல் விரைந்தோடும் காற்று, அங்கு அழுத்தத்தைக் குறைத்துக் கூரையை மேல்நோக்கித் தூக்குகிறது. பலகணி உடையின், உட்புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளும். காற்றின் வேகம் இருமடங்காயின் அதன் விசை நான்மடங்காகும். ஓரங்களிலும் மூலைகளிலும் அவ்விசை மிகுதி.

உலோகத் தகட்டுக் கூரை இலேசானது, தீப்பற்றாதது, நெடுநாள் உழைப்பது. எனினும் அதன் உறுதி தகட்டில் மட்டும் இல்லை. தகட்டைப் பிணிக்கும் திருகாணியிலும் உள்ளது. ஓரங்களில் ஆணிகள் நெருங்கியிருத்தல் வேண்டும். உப்புக்காற்றில் எளிதில் துருவேறாத ஆணிகளையே கொள்ளல் வேண்டும். கைமரம் சுவரோடும், சுவர் அடித்தளத்தோடும் பிணிப்புண்டிருத்தல் வேண்டும். ஓர் இணைப்பு நெகிழினும் ஏனையவை பயன்படா.

எனவே அச்சங்கம் ஒரு விதி கொண்டுள்ளது. 1988ஆம் ஆண்டு தொடக்கம் முதல் எழுந்த கட்டடங்களும், புதிதாக மாற்றிய கூரைகளும் கட்டட விதிக்கு இணங்கியவை என்னும் சான்றிதழைப் பொதுவாகப் பெற்றிருத்தல் வேண்டும். வேலை முடிந்தபின் உள்ளிருக்கும் பிணிப்புகள் கண்ணுக்குப் புலனாகா. ஆதலின் வேலை நடைபெறும்போதே தக்கவர் வந்து பார்வையிடுதல் நலம். இதனை வீண்செலவு என்று கருதி விடுத்தவர், பின்னர்க் காப்பீடு கிட்டாது வருந்த நேரும். மேலும், அச்சங்கம் காற்றாலும் ஆலங்கட்டி மழையாலும் வரும் இழப்பையே ஏற்கும். வெள்ளத்திற்குத் தனிக் காப்பீடு வேண்டும்.

மாணவர்களே! காப்பீடு இழந்த பொருளுக்கு ஈடு தரும். இழந்த உயிருக்கு ஈடு தராது. புயல் வந்தபின் கூரையை இறுக்குதல் இயலாது. பிறர் காணாத இடத்து ஆணியையும் செவ்வனே பொருத்துபவனே நல்ல தொழிலாளி. அவனது நேர்மையே வீட்டின் முதற்காப்பு.