தோள்பட்டை வலியா? தைலம் தடவுமுன் இதைப் பாருங்கள்

நாகூரில் வலை இழுத்தும் மீன்கூடை தூக்கியும் தேய்ந்த தோள்கள் ஏராளம். வீட்டோடு இருப்பவர்களின் தோளும் ஒருநாள் இறுகிக்கொள்கிறது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்யக்கூடாது.

1. இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

2. வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை மதமதப்பாக இறங்கினால், கோளாறு கழுத்தில் இருக்கலாம். தோளைக் காட்டப் போனால் இயன்முறை மருத்துவர் முதலில் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான்.

3. கையை நீங்களே உயர்த்திப் பாருங்கள். பிறகு உடம்பைத் தளர்த்திக்கொண்டு, வீட்டில் ஒருவரை மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். நீங்கள் தூக்கினால் எழாத கை, அவர் தூக்கும்போது எழுந்தால் பெரும்பாலும் தசைநாரில்தான் சேதம். அவர் தூக்கியும் பாதியில் நின்றுவிட்டால், மூட்டைச் சுற்றிய உறை இறுகியிருக்கலாம். 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்பது இதுதான். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவுதான் இதில் முதலில் குறையும். தொழுகையில் தக்பீருக்குக் கை உயரவில்லை, தலை பின்ன முடியவில்லை என்று சொல்பவர்கள் இதைக் கட்டாயம் சோதியுங்கள்.

4. இந்த இறுக்கம் 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வருகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் அதிகம். தோள் இறுகியவர் ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

5. கீழே விழுந்தபின் கை எழவில்லையா? சுளுக்கு எடுக்க யாரையும் இழுக்க விடாதீர்கள். எலும்பு முறிந்திருக்கலாம், மூட்டு விலகியிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே மற்றதெல்லாம்.

6. இறுகிய தோளுக்கு வெந்நீர்ப் பை 10 நிமிடம். சர்க்கரையால் தோல் மரத்தவர்கள் சூட்டை வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் வந்தால்கூட அவர்களுக்குத் தெரியாது. பிறகு நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டினால் கை தானாகச் சிறு வட்டம் போடும். அடுத்து, சுவரில் விரல்களால் மேலே ஏறுங்கள். லேசாக இழுத்துப் பிடிக்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவெல்லாம் வலித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

7. வலிக்கும் பக்கம் படுக்காதீர்கள். மல்லாந்து படுத்தால் முழங்கைக்கு அடியில் மடித்த துணி வையுங்கள்.

8. கூடையைத் தலைக்கு ஏற்றும்போது துணைக்கு ஒரு கை கேளுங்கள். தினமும் எடுக்கிற டப்பாக்கள் தோள் உயரத்துக்குக் கீழே இருக்கட்டும்.

9. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். பகுதி சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுங்கள்.

10. இறுகிய தோள் விட ஒன்றிரண்டு வருடம்கூட ஆகும். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள். கை சுவரில் எட்டிய இடத்தில் வாரம் ஒருமுறை பென்சிலால் கோடு போட்டு, தேதியும் எழுதி வையுங்கள்.