கீழ்ப்புறத்து ஜன்னல்

சிரஞ்சீவி செல்வத்துக்குப் பெரியப்பாவின் ஆசீர்வாதம்.

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் நம் ஓலை வீட்டைப் பிரித்துத் தளம் போட்ட வீடு கட்டப்போவதாகவும், படுக்கையறைக்கு ஏசி வரப்போவதால் ஜன்னல் வேண்டியதில்லை என்று மேஸ்திரி சொல்வதாகவும் எழுதியிருந்தாய். ஏசி வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆயினும், அந்த யந்திரத்தைப் பற்றிக் குப்பத்தில் யாரும் கேள்விப்பட்டிராத நாளில், சித்திரை வைகாசி உஷ்ணத்தை நம் முன்னோர் எவ்விதம் சமாளித்தார்கள் என்பதைச் சுவர் எழும்புமுன் நீ அறிந்துகொள்வது அவசியம்.

பகலில் நிலம் விரைவாகவும் சமுத்திரம் மெதுவாகவும் சூடேறுகின்றன; நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று கரையேறுகிறது; இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால், கரைக்காற்று கடலை நோக்கி வீசுகிறது. விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துப் புறப்பட்ட கட்டுமரங்கள் கடற்காற்றில் திரும்பிய காலத்தில், இந்தச் சுபாவமே நம்மவர் தொழிலுக்கும் தூக்கத்துக்கும் ஆதாரமாயிருந்தது. உச்சிவேளை கழிந்து கடல்மேல் வெண்ணுரை பூக்கத் தொடங்கியதும், உன் ஆயா கீழ்ப்புறத்துக் கீற்றுத் தட்டியைக் கழியால் முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்துவாள். எதிர்ப்புறத்து வாசல் எப்போதும் திறந்தேயிருக்கும். ஓலையடுக்குகளுக்கிடையே அடைபட்ட காற்று கூரையின் சூட்டை உள்ளே இறங்கவிடாது.

கச்சான் என்னும் மேல்காற்று பலத்து வீசும் அக்கினி நட்சத்திர நாட்களில் கடற்காற்று தாமதிக்கும். அப்போது பட்டணத்து மாடிவீடுகளில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடுவார்கள். வறண்ட மேல்காற்றில் நீர் ஆவியாகி உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்ளும். ஈரமான கடற்காற்றில் அந்த உபாயம் அவ்வளவாகப் பலிக்காது. தனவந்தர்களுக்கோ, அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறி வந்தது. அதைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸே இன்று மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

1902-இல் வில்லிஸ் கேரியர் வகுத்த ஏசி யந்திரம், நியூயார்க் அச்சுக்கூடமொன்றில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்காதிருக்கவே ஏற்பட்டது; மனிதரின் சௌகரியத்துக்கு அது பின்னரே வந்தது. அறையின் உஷ்ணத்தை அது வெளியே தள்ளுகிறதேயன்றி அழிப்பதில்லை. அதற்கு வேண்டிய மின்சாரம் நம் பக்கத்திலேயே பிறந்தது: 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கியது, 1990-களில் எழுந்த வடசென்னை நிலையம் இன்றும் இயங்குகிறது. பட்டணத்து அறைகள் குளிர்வதற்காக எரிந்த நிலக்கரியின் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்து, இறாலும் நண்டும் அருகிப்போனதை நினைக்கும்போது என் மனம் பதறுகிறது. கடற்காற்று முதலில் கரையேறும் ஊரில் பிறந்த நாமும் ஜன்னலை அடைத்துவிட்டு அந்த மின்சாரத்தையே முழுதும் நம்பியிருப்பது நியாயமன்று.

ஆகையால் உன் அப்பாவிடம் சொல்: கிழக்கே பெரிய ஜன்னல் ஒன்றும், காற்று வெளியேற அதற்கு நேரெதிரே மேற்கே ஒன்றும் வைக்கட்டும்; தளத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசட்டும்; மேல்புறத்துப் பூவரச மரத்தை மட்டும் வெட்டவேண்டாம்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா